உயிர்ப்பும் உடலும்: கிறிஸ்தவ நம்பிக்கையின் அன்றாடப் பொருள்

1. கேள்வி

கிறிஸ்தவ வீட்டில் சாவு நேர்ந்தால் அச்சிடப்படும் அஞ்சலிச் சுவரொட்டிகளில் பெரும்பாலும் ஆன்மாவைப் பற்றியே எழுதியிருக்கும். ஆன்மா ஆண்டவரிடம் சேர்ந்துவிட்டது, ஆன்மா இளைப்பாறட்டும் என்பன வழக்கமான வாசகங்கள். அடக்க ஆராதனைப் பிரசங்கமும் அந்த வழியில்தான் போகும். உடல் வெறும் கூடு என்று ஒரு வார்த்தையாவது அதில் வந்துவிடும். அதே சபை ஞாயிறுதோறும் எழுந்துநின்று சொல்லும் அப்போஸ்தலர் விசுவாச அறிக்கையிலோ ஆன்மா அழிவற்றது என்ற கூற்று கிடையாது. உடல் உயிர்த்தெழும் என்பதே அங்கே அறிக்கையிடப்படுகிறது. கல்லறையில் ஒன்றும் ஆலயத்தில் இன்னொன்றுமாக நம்புகிறோம். யாருக்கும் அது உறுத்துவதில்லை.

உயிர்ப்பின் பொருள் என்ன என்று கேட்டால் வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கும். இயேசு இறைமகன் என்பதற்கு அதுவே சான்று என்பது ஒன்று. அவர் எழுந்ததால் சாவுக்குப் பின் நமக்கு விண்ணகம் உறுதி என்பது மற்றொன்று. இரண்டுக்கும் திருச்சபை மரபில் இடம் உண்டு. ஆயினும் முதல் விடை உயிர்ப்பை இயேசு ஒருவரோடு நிறுத்திவிடுகிறது. இரண்டாவது விடை அதைச் சாவுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் புறப்படுகிறவருக்கு இரண்டும் அதிகம் உதவுவதில்லை.

உயிர்ப்பு நம்பிக்கை பிறந்த இடத்திலும், அது உயிரோடு செயல்பட்ட காலங்களிலும், உடலைப் பற்றிய நம்பிக்கையாகவே இருந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். பசித்த உடல், நோயுற்ற உடல், அடிமையின் உடல், செத்த உடல் ஆகியவற்றை ஒரு சமூகம் எப்படி நடத்துகிறது என்பதில்தான் அதன் அன்றாடப் பொருள் இருக்கிறது.

இந்தத் திசையில் பேசுவோர் முதலில் நினைவுகூர்வது இறையியலாளர் ஆஸ்கர் குல்மன் 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையை. அவர் இரண்டு சாவுகளை எதிரெதிரே நிறுத்தினார். சாக்ரடீசு நஞ்சை அமைதியாகக் குடிக்கிறார். சாவு அவருக்கு விடுதலை. கெத்செமனியில் இயேசுவோ நடுங்குகிறார். சாவு அவருக்குப் பகைவன். ஆன்மா அழியாது என்பது கிரேக்க நம்பிக்கை, இறந்தோர் எழுவர் என்பது விவிலிய நம்பிக்கை என்று குல்மன் பிரித்தார். பக்தியுள்ள வாசகர்கள் பலருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. பின்னாளில் விவிலிய ஆய்வாளர் ஜேம்ஸ் பார் இந்தப் பிரிவினை மிகையானது என்று காட்டினார். கிரேக்க மொழியில் எழுதிய யூதர்களே நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் இருப்பதாகச் சாலமோனின் ஞான நூலில் சொல்லியிருக்கிறார்கள். பாரின் திருத்தம் சரியே. எனினும் சாவைப் பகைவனாகக் காண்பதா, விடுதலையாகக் காண்பதா என்று குல்மன் எழுப்பிய கேள்வி அந்தத் திருத்தத்தால் கரைந்துவிடவில்லை.

2. சித்திரவதையில் பிறந்த நம்பிக்கை

எபிரேய வேதத்தின் பெரும்பகுதி இறந்தோரின் உயிர்ப்பைப் பற்றிப் பேசுவதில்லை. அது தெளிவாக வெளிப்படும் இடங்கள் பிற்காலத்தவை. அவை எழுந்த சூழல் கவனத்துக்குரியது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் நான்காம் அந்தியோக்கு யூத நெறியை ஒடுக்கினான். நெறிக்காக மடிந்தவர்களுக்கு நியாயம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. தானியேல் நூலின் 12ஆம் அதிகாரம் அந்தக் காலத்துக்குரியது என்பது பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து.

இரண்டாம் மக்கபேயர் நூலின் 7ஆம் அதிகாரம் இன்னும் வெளிப்படையானது. (கத்தோலிக்க விவிலியத்தில் இந்நூல் உண்டு, சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் இல்லை.) தாயின் கண் முன்னால் ஏழு மகன்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள். மூன்றாமவன் தன் நாக்கையும் கைகளையும் தானே நீட்டுகிறான். விண்ணகம் தந்த உறுப்புகள் இவை, அங்கிருந்தே திரும்பப் பெறுவேன் என்பது அவன் சொல்லின் சாரம். அறுபட்ட கையைத் திரும்பக் கேட்கிறான் அவன். ஆன்மா போய்ச் சேரும் என்ற ஆறுதல் அவனுக்குப் போதவில்லை.

உயிர்ப்பை மறுத்தவர்கள் யார் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். இயேசுவின் காலத்தில் சதுசேயர் அதை மறுத்தார்கள். எருசலேம் கோவிலின் உயர்குருக் குடும்பங்களோடு நெருக்கமான வட்டம் அது. நம்பிக்கைகளை வர்க்கத்துக்குள் அடக்கிவிட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் இந்த உலகிலேயே எல்லாம் முறையாகக் கிடைத்தவர்களுக்கு உயிர்ப்பின் தேவை குறைவாகப்பட்டதில் வியப்பு இல்லை.

3. கொரிந்து: ஒரு சபையின் சாப்பாட்டுப் பிரச்சினை

உயிர்ப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான எழுத்து, பவுல் கி.பி. 54ஐ ஒட்டி எபேசு நகரிலிருந்து கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரம். நற்செய்தி நூல்கள் நான்கும் அதற்குப் பிற்பட்டவை. அடக்கச் சடங்குகளில் அதிகம் வாசிக்கப்படும் பகுதிகளுள் ஒன்றாக இருப்பதாலேயே அதன் சூழல் நமக்கு மறந்துபோனது.

ஜூலியஸ் சீசரின் ஆணையால் கி.மு. 44இல் ரோமானியக் குடியேற்றமாக மறுபடி எழுப்பப்பட்ட நகரம் கொரிந்து. விடுதலை பெற்ற அடிமைகள், வணிகர்கள், புதுப்பணக்காரர்கள் நிறைந்த துறைமுக நகரம். அங்கிருந்த சிலர், இயேசு எழுந்ததை மறுக்காமலே, இறந்தோர் பொதுவாக எழுவார்கள் என்பதை மறுத்தார்கள். ஏன்? டேல் மார்ட்டின் 1995இல் வெளியிட்ட கொரிந்திய உடல் பற்றிய நூலில் ஒரு விளக்கம் தருகிறார். கல்வியும் செல்வமும் கொஞ்சம் பெற்ற சிறுபான்மையினர் மெய்யியலாளர்களைப் போல உடலை இழிவாகக் கருதினார்கள். பிணம் எழும் என்ற பேச்சு அவர்கள் காதுக்குப் பாமரத்தனமாக ஒலித்தது. இந்த விளக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. கடிதத்தை முழுதாக வாசித்தால் அதற்கு வலுவான துணை கிடைக்கிறது என்பது என் கருத்து.

உயிர்ப்பு இக்கடிதத்தில் 15ஆம் அதிகாரத்தில்தான் முதன்முதலாக வருகிறது என்று எண்ணிவிடக் கூடாது. 6ஆம் அதிகாரத்திலேயே அது வந்துவிடுகிறது. உடலை எப்படிப் பயன்படுத்தினால் என்ன என்று சிலர் விலைமாதரிடம் போகிறார்கள். ஆண்டவரை எழுப்பிய கடவுள் நம்மையும் எழுப்புவார், ஆகவே உடல் உன் இஷ்டத்துக்கு விடப்பட்ட பொருள் இல்லை என்பது பவுலின் பதில். 11ஆம் அதிகாரத்தில் ஆண்டவரின் இராவுணவு வருகிறது. வசதியுள்ளவர்கள் முன்னதாகவே உண்டு குடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். யாருடைய வயிறு காய்ந்தால் என்ன என்று இருப்பவர்களும், செத்த உடல் எழுவதாவது என்று கேட்பவர்களும் ஒரே கூட்டத்தினர் என்று உறுதியாக நிறுவ முடியாது. அப்படி நினைக்க இடமிருக்கிறது.

15ஆம் அதிகாரம் முடிந்த விதமும் நோக்கத்தக்கது. எக்காளம், சாவின் தோல்வி என்று உச்சத்துக்குப் போன பவுல், உங்கள் உழைப்பு வீணாகாது என்று முடித்த கையோடு காணிக்கைக் கணக்குக்கு இறங்குகிறார். வாரத்தின் முதல் நாள்தோறும் ஒவ்வொருவரும் வரவுக்கேற்ப எருசலேம் சபைக்கென ஒரு தொகை எடுத்துவைக்கச் சொல்கிறார்; அங்குள்ள ஏழைகளுக்கான உதவி அது என்பது ரோமருக்கு எழுதிய கடிதத்தில் தெளிவாகிறது. இன்று இரண்டு அதிகாரங்களாக நிற்பவற்றுக்கு இடையில் பவுல் கோடு எதுவும் போடவில்லை. அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் செய்தது என்பர். நம் பிரசங்கங்களும் அந்தக் கோட்டிலேயே நின்றுவிடுகின்றன.

எழும் உடல் எப்படிப்பட்டது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. பவுல் சொல்லும் ஆவிக்குரிய உடல், தசையும் குருதியும் நீங்கிய நுண்பொருளால் ஆனது என்கிறார் மார்ட்டின். அது எதனால் ஆனது என்பது கேள்வியே இல்லை, எதனால் இயங்குகிறது என்பதே கேள்வி என்கிறார் என்.டி. ரைட், தூய ஆவியால் இயங்கும் இதே உடல் என்பது அவர் வாசிப்பு. பவுல் விதையை உவமை காட்டித் தொடர்ச்சியையும் மாற்றத்தையும் ஒருங்கே பிடித்துக்கொள்வதால் இருவருக்கும் இடம் கிடைக்கிறது. பின்வந்தவர்கள் இந்தக் கேள்வியை விசித்திரமான எல்லைகள் வரை இழுத்தார்கள். கடலில் மூழ்கியவரை மீன் தின்று, அந்த மீனை இன்னொருவர் தின்றால் அந்தச் சதை யாருக்குச் சேரும் என்று இரண்டாம் நூற்றாண்டு முதல் வாதாடியிருக்கிறார்கள். கேரோலைன் வாக்கர் பைனம் 1995இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வாதங்களைப் பரிவோடு தொகுக்கிறார். சிரிப்பு வரலாம். ஒரு விரலைக்கூட இழக்க விரும்பாத அந்தப் பிடிவாதத்துக்குள் மனிதரைப் பற்றிய ஒரு மதிப்பீடு இருக்கிறது.

4. சாட்சியங்கள்: வரலாறு எதுவரை வரும்?

நடந்ததா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. அதில் நீண்ட நேரம் தங்கவும் வேண்டியதில்லை. அதே 15ஆம் அதிகாரத்தில் பவுல் தரும் சாட்சிகளின் பட்டியல் அவரே பெற்றுக்கொண்ட மரபு. கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின்படி அவர் எருசலேமில் கேபா என்ற பேதுருவோடு 15 நாள் தங்கியிருந்தார். ஆகவே அந்த மரபு இயேசு இறந்த சில ஆண்டுகளுக்குள் உருவாகியிருக்கலாம். பட்டியலில் கேபா, பன்னிருவர், 500க்கும் மேற்பட்டோர், யாக்கோபு என்று வருகிறது. பெண்கள் இல்லை, வெறுமையான கல்லறையும் இல்லை. நான்கு நற்செய்திகளிலோ கல்லறைக்கு முதலில் போகிறவர்கள் பெண்களே. பெண்களின் சாட்சியம் செல்லாது என்று யூத வரலாற்றாளர் யோசேப்பு எழுதிய காலம் அது. கதையைக் கட்டுகிறவர்கள் அப்படிப்பட்ட சாட்சிகளைத் தேர்ந்திருக்க மாட்டார்கள் என்ற வாதத்துக்கு வலு உண்டு. அது முடிவான சான்று ஆகாது. மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய முழுப் பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகளில் அப்பெண்கள் அஞ்சி ஓடி ஒருவரிடமும் சொல்லவில்லை என்பதோடு நூல் நின்றுவிடுகிறது.

சீடர்களின் பறைசாற்றலுக்குள்தான் இயேசு எழுந்தார் என்றார் இறையியலாளர் ருடால்ஃப் புல்ட்மன். துயரத்தில் வந்த காட்சிகள் என்றார் கெர்ட் லூடமன். வரலாற்று நிகழ்ச்சியாகவே ஆராயலாம், ஆராய வேண்டும் என்றார் வோல்ஃப்ஹார்ட் பனன்பெர்க். இந்த வரிசையில் தனித்து நிற்பவர் யூத அறிஞர் பிஞ்சாஸ் லப்பிடே. இயேசு எழுந்தார் என்பதை அவர் ஏற்றார். மெசியா என்பதை ஏற்கவில்லை. உயிர்ப்பை நிறுவிவிட்டால் மற்றதெல்லாம் தானே நிறுவப்பட்டுவிடும் என்று நம்பும் தர்க்கத்துக்கு இவர் ஒருவரே போதுமான மறுப்பு.

சிதறி ஓடியவர்கள் திரும்பிக் கூடினார்கள், எழுந்தவரைக் கண்டோம் என்று சொன்னார்கள், அதற்காகத் துன்பம் ஏற்றார்கள் என்பது வரை வரலாற்றாளர் வர முடியும். அதற்கு மேல் நம்பிக்கை தொடங்குகிறது. அந்த நம்பிக்கை என்ன செய்தது என்பது மறுபடியும் வரலாறு.

5. பிணங்களின் நடுவே

கி.பி. 177இல் லியோன் நகரக் கிறிஸ்தவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அடிமைப்பெண் பிளாந்தினா அவர்களுள் ஒருவர். அங்கிருந்து சிற்றாசியச் சபைகளுக்கு எழுதப்பட்ட கடிதத்தைத் திருச்சபை வரலாற்றாளர் யூசேபியு காத்துத் தந்திருக்கிறார். உடல்களை ஆறு நாள் வெளியில் போட்டு, பின் எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். எழுவோம் என்ற நம்பிக்கையில் துணிகிறார்கள், பார்ப்போம் எழுகிறார்களா என்பது கொன்றவர்களின் ஏளனம். கிறிஸ்தவர்களின் துணிவுக்கு வேர் எங்கே என்று அவர்களுடைய எதிரிகளும் சரியாகவே கண்டுகொண்டிருந்தார்கள்.

சாம்பல் ஆற்றோடு போனால் உயிர்ப்பு கெடுமா? கெடாது என்பதே அன்றைய பதில். மினூசியு பெலிக்சு தம் உரையாடல் நூலில், எரிப்பதால் இழப்பு எதுவும் இல்லை, பழைய நல்ல வழக்கம் என்பதாலேயே புதைக்கிறோம் என்ற பொருளில் எழுதுகிறார். கடவுளால் முடியாதோ என்ற அச்சத்தில் அவர்கள் பிணங்களைப் பேணவில்லை. கடவுள் மதிக்கும் ஒன்றை மதிக்கவே பேணினார்கள்.

மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் கொள்ளைநோய் பரவியபோது இதற்குச் சோதனை வந்தது. அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியு தம் உயிர்ப்பு விழாக் கடிதம் ஒன்றில் அதை விவரிக்கிறார். கிறிஸ்தவர்கள் நோயாளிகளைத் தொட்டுப் பணிவிடை செய்தார்கள், இறந்தோரின் கண்களை மூடினார்கள், தோளில் சுமந்தார்கள், குளிப்பாட்டி உடுத்தினார்கள், பலர் தாமும் மடிந்தார்கள். மற்றவர்களோ உயிர் போகுமுன்னே சொந்தங்களைத் தெருவில் எறிந்தார்கள் என்கிறார். ஆயர் தம் மக்களைப் புகழ்ந்து எழுதியது இது. எதிர்த்தரப்பைப் பற்றிய பாதியைக் கழித்தே வாசிக்க வேண்டும். சமூகவியலாளர் ரோட்னி ஸ்டார்க் இந்தப் பணிவிடையையே கிறிஸ்தவம் பரவியதற்கான காரணங்களுள் ஒன்றாகக் காட்டினார். அவருடைய கணக்குகள் பல ஊகங்களின் மேல் நிற்கின்றன.

ஈமச்சடங்கைப் பொதுப்பொறுப்பாக எடுத்துக்கொண்டதில் கிறிஸ்தவர்கள் தனியானவர்களும் இல்லை. இத்தாலியின் லனூவியத்தில் கிடைத்த கி.பி. 136ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சந்தா கட்டும் அடக்கச் சங்கம் ஒன்றின் விதிகளைத் தருகிறது. அடிமைகளும் அதில் உறுப்பினர். அங்கே சந்தா கட்டியவருக்கு அடக்கம் உண்டு. தெர்த்துல்லியன் விவரிக்கும் சபைப் பொதுநிதியோ வழியற்ற ஏழைகளைப் புதைக்கவும் செலவானது. உரோமைச் சபையின் கல்லறைப் பொறுப்பு ஒருகாலத்தில் கலிஸ்துவிடம் இருந்தது. அவர் முன்னாள் அடிமை, பின்னாள் திருத்தந்தை. கிறிஸ்தவத்தை எதிர்த்த பேரரசர் ஜூலியன் 362இல் கலாத்தியாவின் தலைமைக் குரு அர்சாசியுவுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம், கிறிஸ்தவம் வளர்ந்ததற்குக் காட்டும் காரணங்களுள் இறந்தோரின் அடக்கத்தில் கிறிஸ்தவர்கள் காட்டிய அக்கறையும் ஒன்று. அது ஜூலியனே எழுதியதா என்ற ஐயம் எழுப்பப்பட்டுள்ளது. பின்னொருவர் புனைந்ததாக இருந்தாலும், கிறிஸ்தவர்கள் எதற்குப் பெயர்பெற்றிருந்தார்கள் என்பதற்கு அது சாட்சிதான்.

6. தளையும் தழும்பும்

உயிர்ப்பு விழா சிறைக்கதவையும் தொட்டது. கி.பி. 367இல் முதலாம் வாலன்தினியன் ஆட்சியில் வந்த சட்டம், கொடுங்குற்றவாளிகள் நீங்கலாகக் கைதிகளை அவ்விழாவையொட்டி விடுவிக்கச் சொன்னது. நீசா நகர ஆயர் கிரகோரியின் உயிர்ப்பு விழாப் பிரசங்கம் ஒன்று, அந்நாளில் அடிமைகளை விடுவிக்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறது. சபை உரையாளர் நூலுக்கு எழுதிய விளக்கத்தில், மனிதருக்கு விலை வைக்க யாரால் முடியும் என்று அவர் அடிமை உடைமையையே தாக்குகிறார். அவருடைய தமக்கை மக்ரீனா வீட்டுப் பணிப்பெண்களோடு சமமாக வாழ்ந்தார். உயிர்ப்பைப் பற்றிய கிரகோரியின் உரையாடல் நூலில் ஆசிரியையாகப் பேசுகிறவரும் அவரே. இருந்தும் அடிமை முறை ஒழியவில்லை. கிரகோரியின் குரல் அவர் காலத்தில் ஏறத்தாழத் தனிக்குரலாகவே நின்றது.

யோவான் நற்செய்தியில் எழுந்தவரின் உடலில் ஆணித் தழும்பு இருக்கிறது. தோமா அதைத் தொட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். தொட அழைக்கப்பட்டதை மட்டுமே நற்செய்தி சொல்கிறது. தோமாவின் கல்லறையை மயிலாப்பூரில் வைத்துப் போற்றும் மரபுக்குரிய நமக்கு இந்தக் காட்சி அந்நியமில்லை. உயிர்ப்பு என்றால் குறைகளெல்லாம் நீங்கிய உடல் என்று கற்பிக்கப்பட்டு வளர்ந்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் நான்சி ஐஸ்லண்ட், பிறவியிலேயே மாற்றுத்திறனாளி. 1994இல் எழுதிய நூலில் அவர் அந்தத் தழும்பைப் பிடித்துக்கொண்டார். எழுந்த கிறிஸ்துவே ஊனமுற்ற உடலோடு நிற்கிறார் என்றால், ஊனம் பாவத்தின் சின்னம் என்றோ, திருத்தப்பட வேண்டிய பிழை என்றோ திருச்சபை பேச முடியாது என்றார். சாய்தளம் இல்லாத ஆலயப் படிகளைப் பற்றிய கேள்வியும் இவ்வாறு உயிர்ப்பைப் பற்றிய கேள்வியாகிறது.

7. கல்லறைச் சுவர்

இதுவரை சொன்ன அளவுகோலைத் தமிழகத்தில் வைத்துப் பார்த்தால் விடை கசப்பானது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளை மற்றவர்களுடையவற்றிலிருந்து பிரிக்கும் சுவர் நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. அதை இடிக்க இறங்கியவர்கள் பெரியாரியத் தோழர்கள். உயிர்ப்பை நம்பாதவர்கள் சுவரை இடிக்கப் போனார்கள்; நம்புகிறவர்கள் காத்துவைத்திருந்தார்கள்.

இது இன்று முளைத்ததில்லை. சபைகளில் சாதிப் பிரிவு வைத்திருப்பதைக் காத்து, புதிய மிஷனரிமாரின் சமத்துவ முயற்சிகளை எதிர்த்து, 1829இல் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எழுதினார். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதியைக் கைவிட வேண்டும் என்று ஆணை அனுப்பியபோது தஞ்சாவூர், வேப்பேரிச் சபைகளில் பலர் ஏற்க மறுத்தார்கள். தகராறு பெரும்பாலும் யாரோடு உட்காருவது, யார் குடித்த பாத்திரத்தில் குடிப்பது என்பதைப் பற்றியே இருந்தது. கொரிந்தில் பவுல் கண்டித்த அதே பந்தி. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம் திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொள்கிறது.

ஆன்மாவை மட்டும் பேசும் பக்திக்கு இந்தச் சுவர் இடைஞ்சல் இல்லை. ஆன்மாக்களுக்கு இடையில் சுவர் எழுப்ப முடியாதல்லவா! உடல் எழும் என்று உண்மையாகவே நம்பினால்தான் அது இடிக்கும். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு என்ற பறட்டை, சேர்ந்து சமைத்துச் சேர்ந்து உண்ணும் ‘ஒரு ஒலை’ (ஒரே உலை) வாழ்வை வழிபாட்டின் மையத்துக்குக் கொண்டுவர முயன்றது இதனால்தான் முக்கியமாகிறது. எழுந்தவரை எம்மாவுக்குப் போன சீடர்கள் அடையாளம் கண்டதும் பந்தியில்தான்.

2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த கிறிஸ்தவ மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. அந்த மாதங்களில் தமிழகத்தில் மதம் பார்க்காமல் பிணங்களைச் சுமந்து புதைத்தவர்களில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் (தமுமுக) தொண்டர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அலெக்சாந்திரியாவில் கிறிஸ்தவர்கள் செய்ததாக தியோனிசியு எழுதிய அதே வேலை.

உடலை எரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபை 1886இல் தடை விதித்து, 1963இல் தளர்த்தி, சாம்பலைத் தூவாமல் புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் நெறிமுறை வகுத்தது. சாம்பலுக்கு இவ்வளவு நுணுக்கமாக விதி எழுதத் தெரிந்த திருச்சபைக்குக் குழியை ஒதுக்கவும் விதி எழுதத் தெரியும். சாதிவாரியாகப் பகுதி பிரித்திருக்கும் ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்திலும், அடுத்த குழி அடுத்து இறந்தவருக்கு என்று இறந்த நாள் வரிசைப்படி இடம் கொடுக்கும் முறையைக் கொண்டுவரலாம். புதிய இறையியல் எதுவும் இதற்கு வேண்டியதில்லை. பங்குப் பேரவையின் ஒரு தீர்மானமும் ஆயரின் கையெழுத்தும் போதும். வரும் உயிர்ப்பு விழாவுக்குள் அதைச் செய்துவிடுமாறு பங்குப் பேரவைகளையும் சேகரக் கமிட்டிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.